வாசகர் கேள்வி, அறிவியல் பதில்: வள்ளத்தின் வேகமும் வரைபடத்தின் சாய்வும்

இயக்கம் பற்றிய பாடத்தில் விளங்காமல் நிற்கும் ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களைப் படித்தபோது, எழுதியவர்கள் வெவ்வேறு வயதினராக இருந்தாலும், தடுக்கி நிற்கும் இடம் ஒன்றாகவே இருப்பதைக் கண்டேன். ஒரு வரைபடத்தில் விசையை எங்கே பார்ப்பது என்பதுதான் அந்த இடம். எனவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (வேதாளையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி): ஐயா, வணக்கம். ஒரு படகின் திசைவேகம்–காலம் வரைபடத்தைக் கொடுத்து, நிகர விசை எந்தப் பகுதியில் மிகுதி என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். கோடு முதலில் மேலேறி, பிறகு கிடையாக ஓடி, கடைசியில் கீழிறங்கியது. கிடையாக ஓடும் பகுதியில்தான் வேகம் மிகுதி என்பதால் அதையே விடையாக எழுதினேன். தவறு என்றும், அங்கே நிகர விசை சுழி என்றும் ஆசிரியர் சொல்கிறார். என் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். சீராக ஓடும்போதும் எஞ்சின் இரைந்துகொண்டுதான் இருக்கிறது, மண்ணெண்ணெயும் தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது. விசை இல்லாமலா வள்ளம் ஓடுகிறது?

பதில்: உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது. எஞ்சின் விசை தருகிறது என்று நீங்கள் சொல்வதும் முழு உண்மை. தேர்வில் கேட்டதோ எஞ்சின் தரும் விசையை அன்று, நிகர விசையை. வள்ளத்தின் மீது செயல்படும் எல்லா விசைகளையும் திசையோடு சேர்த்துக் கூட்டிக் கழித்த பின் எஞ்சி நிற்பதே நிகர விசை. எஞ்சின் முன்னோக்கித் தள்ளும் அதே நேரத்தில் தண்ணீர் பின்னோக்கித் தள்ளுகிறது. சீராக ஓடும் வள்ளத்தில் இந்த இரண்டும் சமமாக இருப்பதால் எஞ்சுவது எதுவுமில்லை. எஞ்சின் எரிக்கும் மண்ணெண்ணெய் முழுவதும் அப்போது தண்ணீரின் தடையோடு மல்லுக்கட்டுவதற்கே செலவாகிறது. வேகத்தைக் கூட்டுவதற்கு ஒரு துளியும் மிஞ்சுவதில்லை.

இந்தக் குழப்பம் நம் உடம்பில் ஊறியது. கரையில் கிடக்கும் வள்ளத்தை எட்டுப் பேர் சேர்ந்து மணலில் தள்ளிக் கடலில் இறக்கும்போது, தள்ளும் வரை அது நகர்கிறது, கையை எடுத்தவுடன் நின்றுவிடுகிறது. வேகமாகத் தள்ள வேண்டுமென்றால் இன்னும் இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. சிறுவயதிலிருந்தே இதைச் செய்தும் பார்த்தும் வருகிறவர்களுக்கு, விசை இருந்தால் வேகம் உண்டு, விசை போனால் வேகமும் போய்விடும் என்ற எண்ணம் தசையிலேயே பதிந்துவிடுகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இப்படித்தான் கருதினார். அந்தக் கருத்து மாறுவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு அருகில் ஆயின. தள்ளும் கைகளோடு மணலின் உராய்வையும் ஒரு விசையாகக் கணக்கில் சேர்த்தால்தான் உண்மை துலங்கும் என்பதைக் கலிலியோவின் ஆய்வுகளுக்குப் பிறகு, 1687 இல் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் விதியாகவே வகுத்துத் தந்தார். எனவே நீங்கள் செய்த பிழையை நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை. பள்ளியில் படித்த காலத்தில் நானும் இதே விடையைத்தான் எழுதினேன்.

இப்போது வரைபடத்தைப் பார்ப்போம். திசைவேகம்–காலம் வரைபடத்தில் ஒரு புள்ளியின் உயரம், அந்தக் கணத்தில் வள்ளம் எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதைச் சொல்கிறது. அந்தப் புள்ளியில் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது, அந்த விரைவு எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதை, அதாவது முடுக்கத்தைச் சொல்கிறது. நிகர விசை = நிறை × முடுக்கம் என்பது விதி. வள்ளத்தின் நிறை மாறாதவரை, விசைக்கான வரைபடம் சாய்வுக்கான வரைபடத்தின் நகலாகவே அமையும். ஆகவே விசையைத் தேடும்போது கண் கோட்டின் உயரத்தில் நிற்காமல் அதன் சாய்வில் நிற்க வேண்டும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். ஆட்கள், வலை, எஞ்சின் எல்லாம் சேர்ந்து வள்ளத்தின் நிறை 1,200 கிலோ என்றும், எஞ்சின் மாறாமல் 480 நியூட்டன் விசை தருகிறது என்றும், தண்ணீரின் தடை வேகத்தின் இருமடிக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தடையும் 480 நியூட்டன் ஆகிறது என்று கொண்டால், அதில் பாதி வேகமான 2 மீட்டரில் தடை கால் பங்காக, 120 நியூட்டனாக மட்டுமே இருக்கும்.

எஞ்சினை முடுக்கிய கணத்தில் வேகம் சுழி, ஆகவே தடையும் சுழி. 480 நியூட்டனும் நிகர விசையாக நிற்கிறது, முடுக்கம் 0.4 மீ/வி². வேகம் 2 மீட்டரைத் தொடும்போது நிகர விசை 360 நியூட்டனாகவும் முடுக்கம் 0.3 ஆகவும் குறைகின்றன. 3 மீட்டரில் தடை 270 நியூட்டன். எஞ்சுவது 210 தான், முடுக்கம் 0.175. இப்படியே குறைந்துகொண்டு போய், 4 மீட்டரை நெருங்க நெருங்க நிகர விசை சுழியை நெருங்குகிறது. இந்தக் கணக்கின்படி 10 வினாடியில் வேகம் 3 மீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும், 20 வினாடியில் 3.86, 30 வினாடியில் 3.98. கோடு செங்குத்தாகத் தொடங்கி, மெல்லத் தலை சாய்த்து, கிடையாகப் படுத்துவிடுகிறது. பாடநூலில் நேர்கோட்டால் வரையப்படும் ஏறுமுகம், கடலில் இப்படி வளைந்துதான் இருக்கும். விசை மிகுதியாக இருந்தது வேகமே இல்லாத அந்தத் தொடக்கக் கணத்தில் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தேர்வு விடைக்கு நேர் எதிரான இடம் அது.

அடுத்து எஞ்சினை அணைத்துவிடுவோம். முன்னோக்கிய 480 நியூட்டன் மறைந்துவிட, தண்ணீரின் 480 நியூட்டன் மட்டும் பின்னோக்கி நிற்கிறது. கிடையாக இருந்த கோடு அதே கணத்தில் முறிந்து, 0.4 மீ/வி² என்ற சாய்வோடு கீழே இறங்கத் தொடங்குகிறது. அதாவது, சீராக ஓடிக்கொண்டிருந்தபோது கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சினோடு சமப்பட்டுக் கிடந்த தண்ணீரின் விசை, எஞ்சின் நின்றவுடன் வரைபடத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. வேகம் 10 வினாடியில் பாதியாகக் குறைந்து 2 மீட்டர் ஆகும்போது தடை கால் பங்காகிவிடுவதால் சாய்வும் 0.1 ஆகக் குறைந்துவிடும். 1 மீட்டருக்குக் குறைவதற்கு 30 வினாடி ஆகிவிடும். அதற்குள் வள்ளம் 55 மீட்டருக்கு மேல் மிதந்து வந்திருக்கும். உங்கள் அப்பா கரை நெடுந்தொலைவில் இருக்கும்போதே எஞ்சினை அணைத்துவிட்டு, கையில் மரக்கோலோடு காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீண்ட, தட்டையான வால்பகுதியை அவர் தாளில் வரைந்ததில்லை. ஆனால் அதன் நீளம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தென்கடலில் கச்சான் காற்று எதிர்த்து வீசும் நாளில் அதே எஞ்சினை அதே அளவு முடுக்கினாலும் வள்ளம் 3 மீட்டர் வேகத்திலேயே நின்றுவிடக்கூடும். அன்றைய வரைபடத்தில் கிடைக்கோடு தாழ்ந்திருக்கும். ஆனால் நிகர விசை அன்றும் சுழிதான், காற்றில்லாத நாளிலும் சுழிதான். கோட்டின் உயரம் மாறியது, சாய்வு மாறவில்லை. கிடைக்கோட்டின் உயரத்தை வைத்து விசையை ஒப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி (கீழக்கரையிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர்): இடப்பெயர்ச்சி–காலம் வரைபடம் மட்டும் கொடுத்தால் விசையைப் பற்றிச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ஒரு படி கூடுதலாக இறங்க வேண்டும். அந்த வரைபடத்தில் சாய்வே திசைவேகம். சாய்வு மாறினால்தான் முடுக்கம், முடுக்கம் இருந்தால்தான் நிகர விசை. ஆகவே கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறினாலும், அது நேர்கோடாக இருந்தால் நிகர விசை சுழி. கோடு கிண்ணம் போல மேல்நோக்கி வளைந்தால் விசை நேர்த்திசையில் உள்ளது. கவிழ்த்த கிண்ணம் போல வளைந்தால் எதிர்த்திசையில் உள்ளது. வளைவு இல்லாத இடத்தில் விசையைத் தேட வேண்டாம்.

கேள்வி (மூக்கையூரிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை): மாணவர்களுக்கு 'எதிர்க்குறி முடுக்கம் என்றால் வேகம் குறைகிறது' என்று சொல்லித் தருகிறோம். ஆனால் கோடு கால அச்சுக்குக் கீழே போய்விட்டால் அவர்கள் தடுமாறுகிறார்கள். மேலும், மேலே எறிந்த பொருள் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது முடுக்கம் சுழி என்றே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். இவற்றை எப்படி விளக்கலாம்?

பதில்: அம்மா, இரண்டு ஐயங்களுக்கும் வேர் ஒன்றே என்பதால் ஒரே காட்சியை வைத்து விளக்கப் பார்க்கிறேன். உங்கள் ஊர் மாணவர்கள் நாள்தோறும் காணும் காட்சிதான். வள்ளத்தில் நிற்பவர், கணவாய் மீன் நிறைந்த 2 கிலோ பையை, தலைக்கு மேலே ஜெட்டியில் (படகுத்துறை மேடையில்) நிற்பவரிடம் எறிகிறார். ஜெட்டியில் நிற்பவர் கைதேர்ந்தவராக இருந்தால், பை ஏறி வரும்போது கையை நீட்டி மோதவிடமாட்டார். அது ஏறி முடித்து, இறங்கத் தொடங்காமல் காற்றில் அசையாது நிற்பது போலத் தோன்றும் அந்தக் கணத்தில், பூப்பறிப்பது போல எடுத்துவிடுவார். மாணவர்கள் கேட்பது அந்தக் கணத்தைப் பற்றித்தான்.

மேல்நோக்கியதை நேர்த்திசை என்று கொண்டு, கையை விட்டு நீங்கும்போது பையின் திசைவேகம் வினாடிக்கு 4.9 மீட்டர் என வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி². எனவே கோடு 4.9 இல் தொடங்கி, அரை வினாடியில் சுழியைத் தொடுகிறது. பை அப்போது ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். மேலே நிற்பவர் பிடிக்கத் தவறினால் கோடு கால அச்சைக் கடந்து கீழே போய், ஒரு வினாடி நிறைவில் −4.9 ஐ அடையும். இந்த ஒரு வினாடி முழுவதிலும் கோடு ஒரே நேர்கோடு; எங்கும் முறிவில்லை, எங்கும் வளைவில்லை. உச்சி என்பது அந்தக் கோடு அச்சைக் கடக்கும் புள்ளி மட்டுமே. அங்கே உயரம் சுழியாகிறது, சாய்வு −9.8 ஆகவே தொடர்கிறது. உச்சியில் முடுக்கமும் சுழியாகியிருந்தால், பை அங்கேயே தங்கிவிட வேண்டியதுதானே என்று மாணவர்களைக் கேளுங்கள். வேகமும் இல்லை, வேகத்தை மாற்றுவதற்கு விசையும் இல்லை என்றால் அது ஏன் கீழே வர வேண்டும்?

முதல் ஐயத்திற்கும் விடை அதே கோட்டில் இருக்கிறது. முதல் அரை வினாடியில் சாய்வு எதிர்க்குறி, பை மெதுவாகிறது. அடுத்த அரை வினாடியிலும் சாய்வு அதே எதிர்க்குறிதான், ஆனால் பை விரைந்துகொண்டே போகிறது. ஆகவே எதிர்க்குறி முடுக்கத்தை 'வேகம் குறைதல்' என்று மனப்பாடம் செய்ய வைப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியோடு இருந்தால் வேகம் கூடும், எதிரெதிர்க் குறியோடு இருந்தால் குறையும். குறி சொல்வது திசையை மட்டுமே.

விசைக்கான வரைபடத்தையும் அதன் கீழேயே வரையச் சொல்லுங்கள். பை கையை விட்டு நீங்கிய கணத்திலிருந்து அது −19.6 நியூட்டனில் ஓடும் ஒரு கிடைக்கோடு. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் மாற்றமே இல்லை. இங்கேதான் மாணவர்களின் மனத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு தவறான எண்ணம் வெளியே வரும். எறிந்தவரின் கை தந்த விசை பைக்குள் தங்கியிருந்து, போகப் போகத் தேய்ந்து, உச்சியில் தீர்ந்துவிடுகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கையின் விசை, விரல்கள் பையை விட்ட கணத்தோடு முடிந்துவிட்டது. பை சுமந்து செல்வது உந்தத்தை (நிறை × திசைவேகம்), விசையை அன்று. இந்த இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட்டாலும் அது வீணாகாது.

கேள்வி (பாம்பனிலிருந்து ஒரு வாசகர்): புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி உயர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது மேலே ஏறிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் வடங்களின் இழுவிசை அதன் எடையைவிட மிகுதியாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: பார்வைக்கு அப்படித்தான் தோன்றும், ஆனால் அப்படி இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளமும் சுமார் 660 டன் எடையும் கொண்டது. செங்குத்தாக 17 மீட்டர் உயரக்கூடியது. அது உயரும் வேகத்தை வரைபடமாக்கினால், ஓட்டின் குறுக்குவெட்டு போல இருபுறமும் சரிந்து நடுவில் தட்டையான ஒரு சரிவகம் கிடைக்கும். கணக்குக்காக, முதல் 10 வினாடியில் வேகம் வினாடிக்கு 0.06 மீட்டராகக் கூடி, பிறகு சீராக இருந்து, கடைசி 10 வினாடியில் குறைந்து நிற்கிறது என்று கொள்வோம். சரிவகத்தின் பரப்பு 17 மீட்டராக இருக்க வேண்டுமென்றால், இந்த வேகத்தில் ஏற ஐந்து நிமிடத்திற்கு அருகில் ஆகும்.

முதல் 10 வினாடியில் முடுக்கம் 0.006 மீ/வி². 660 டன்னுக்கு இதனால் தேவைப்படும் கூடுதல் விசை ஏறத்தாழ 4,000 நியூட்டன். பகுதியின் எடையோ 64 லட்சம் நியூட்டனுக்கும் மேல். அதாவது வடங்கள் எடையைவிடக் கூடுதலாக இழுப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் அந்தப் பத்து வினாடிக்கு மட்டும்தான். நடுவே நான்கரை நிமிடம், அது கண்முன்னே ஏறிக்கொண்டிருக்கும்போதே, இழுவிசை எடைக்குச் சரிசமம். உச்சியை நெருங்கும் கடைசிப் பத்து வினாடியில் இழுவிசை எடையைவிடக் குறைந்துவிடுகிறது. மேலே போய்க்கொண்டிருக்கும் ஒரு பொருளின் மீது நிகர விசை கீழ்நோக்கி இருக்க முடியும் என்பதை ஏற்பதற்குச் சிறிது காலம் பிடிக்கும். ஆனால் அப்படி இல்லையென்றால் அது மேலே போய் நிற்கவே நிற்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. வடங்களின் மறுமுனையில் எதிர் எடைகள் தொங்குகின்றன. தூக்குப் பகுதி ஏறும்போது அவை இறங்குகின்றன. இரு பக்க எடைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், 660 டன்னைத் தூக்கும் பாரம் மோட்டாருக்கு இல்லை. எடை ஈடுகட்டப்பட்டாலும் நிறை ஈடுகட்டப்படுவதில்லை என்பதுதான் நுட்பம். அசையாதிருந்த இரு பக்கத்தையும் அசைக்க வேண்டியிருப்பதால், முடுக்க வேண்டிய நிறை இரட்டிப்பாகி 1,320 டன் ஆகிறது. உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டுப் பார்த்தால், மோட்டார் தொடக்கத்தில் தர வேண்டிய நிகர விசை சுமார் 8,000 நியூட்டன். எடைக்கும் நிறைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கும் மாணவரைப் பாம்பனுக்கு அழைத்துப் போய் இந்தப் பாலத்தைக் காட்டலாம்.

கேள்வி (இராமேசுவரத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவகத்திற்குப் போய் வந்ததிலிருந்து செயற்கைக்கோள் ஏவு வாகனங்களைப் பற்றிப் படித்து வருகிறேன். எஞ்சின் தரும் உந்துவிசை மாறாமல் இருக்கும்போதும் ராக்கெட்டின் திசைவேகக் கோடு போகப் போகச் செங்குத்தாவது ஏன்?

பதில்: வள்ளத்தின் கோடு தலை சாய்ந்தது, ராக்கெட்டின் கோடு தலை நிமிர்கிறது. இரண்டிலும் உந்துவிசை மாறவில்லை. வேறுபாடு எங்கே என்றால், வள்ளத்திற்கு வேகம் கூடக் கூடத் தடை கூடியது. ராக்கெட்டிற்கோ எரிபொருள் எரிந்து தீரத் தீர நிறை குறைகிறது.

10 டன் நிறையுள்ள ராக்கெட்டை 2 லட்சம் நியூட்டன் விசை மேலே தள்ளுவதாகக் கொள்ளுங்கள். எடையான 98,000 நியூட்டனைக் கழித்தால் 1,02,000 நியூட்டன் மிஞ்சும்; முடுக்கம் 10.2 மீ/வி². பாதி நிறை எரிந்து 5 டன் ஆனபோது எடை 49,000 நியூட்டனாகக் குறைந்துவிடுகிறது. மிஞ்சுவது 1,51,000, அதைத் தாங்கும் நிறையோ பாதி. முடுக்கம் 30.2 ஆகிவிடுகிறது. காற்றின் தடையை இதில் சேர்க்கவில்லை. நிறை மாறும்போது விசைக்கான வரைபடம் சாய்வின் நகலாக அமையாது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். நிகர விசை ஒன்றரை மடங்கு ஆனது, சாய்வு மூன்று மடங்கு ஆனது. முதல் பதிலில் 'நிறை மாறாதவரை' என்று நான் போட்ட நிபந்தனையின் பொருள் இதுதான்.

உங்கள் ஊரில் பிறந்த கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.–3, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 17 டன் எடையுள்ள அந்த வாகனம் நான்கு கட்டங்களாக எரிந்து கழன்று, கடைசியில் சுற்றிவரச் செய்தது சுமார் 35 கிலோ எடையுள்ள ஒரு பொருளை. ஒவ்வொரு கட்டமும் எரிந்து முடியும் கணத்தில் உந்துவிசை நின்றுவிடுவதால், நிமிர்ந்து வந்த கோடு சட்டென முறியும். அடுத்த கட்டம் பற்றியதும் புதிய சாய்வோடு மீண்டும் ஏறும். எனவே அந்தக் கோட்டின் முறிவுகளை எண்ணியே வாகனத்தின் கட்டங்களைச் சொல்லிவிடலாம்.

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு விசைப்படகுத் தொழிலாளர்): என் மகன் படிக்கும் புத்தகத்தில் விசை–காலம் வரைபடத்தின் பரப்பு பற்றி இருக்கிறது. அந்தப் பரப்பால் எங்களுக்கு என்ன பயன்?

பதில்: ஐயா, ஜெட்டியின் ஓரத்தில் நீங்கள் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பழைய டயர்கள்தான் அந்தப் பாடம். 1,200 கிலோ வள்ளம் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வந்து அணைகிறது என்றால், அது நிற்பதற்கு இழக்க வேண்டிய உந்தம் 600 அலகு. விசை–காலம் வரைபடத்தின் பரப்பு எப்படியும் அந்த 600 ஆகத்தான் இருந்தாக வேண்டும். வெறும் கான்கிரீட்டில் மோதிப் பத்தில் ஒரு வினாடியில் நின்றால் சராசரி விசை 6,000 நியூட்டன். ஒடுங்கிய, உயரமான வரைபடம். டயர் நசுங்கிக் கொடுத்து 0.6 வினாடியில் நிறுத்தினால் 1,000 நியூட்டன். அகன்ற, தாழ்வான வரைபடம். பரப்பு ஒன்றே. பலகை பிளப்பது பரப்பால் அன்று, உயரத்தால்.

கேள்வி (தொண்டியிலிருந்து ஓர் ஆசிரியர்): ஆய்வகக் கருவிகள் இல்லாத பள்ளியில், முடுக்கத்தை மாணவர்கள் கண்ணால் காண வழி உண்டா?

பதில்: அரை மீட்டர் நூலும் வலையில் கட்டும் ஓர் ஈயக்குண்டும் போதும். பேருந்தின் மேற்கம்பியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, குண்டு அசையாமல் நிற்கும் இடத்திற்கு நேர் கீழே, இருக்கை முதுகின் மேல்விளிம்பில், பேருந்து ஓடும் திசையில் நீளுமாறு, ஓர் அளவுகோலை ஒட்டிவிடுங்கள். பேருந்து 1 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்பினால் குண்டு சுமார் 5 சென்டிமீட்டர் பின்னுக்கு விலகும். முடுக்கம் இரண்டு மடங்கானால் விலகலும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பின்னுக்கு இழுக்கும் விசை எதுவும் அங்கே இல்லை என்பதைச் சொல்லித் தர மறக்க வேண்டாம். குண்டையும் பேருந்தோடு சேர்ந்து முடுக்குவதற்கு முன்னோக்கிய விசை ஒன்று தேவை. நூல் சாய்ந்தால்தான் அதன் இழுவிசையில் ஒரு பகுதி முன்னோக்கி அமையும். அதனால்தான் அது சாய்கிறது.

ஒரு மாணவர் இரண்டு வினாடிக்கு ஒருமுறை விலகலைச் சொல்ல, மற்றொருவர் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுநர் இருக்கைக்கு அருகே நிற்கும் மூன்றாமவர் வேகமானியின் அளவைக் குறிக்கட்டும். பள்ளிக்குத் திரும்பியதும் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கால அச்சில் வரையச் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கிளம்பிய முதல் சில வினாடிகளில், வேகமானி இன்னும் பத்தைக்கூடத் தொடாதபோதே குண்டு நன்றாக விலகியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் நீண்ட நேர்ப்பகுதியில் வேகமானி அறுபதைக் காட்டும்போது நூல் நேராகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தவுடன் அது முன்னே பாயும். சாலையின் பள்ளம் மேடுகளால் குண்டு ஊசலாடத்தான் செய்யும். குண்டு ஒரு குவளைத் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்குமாறு செய்தால் ஆட்டம் விரைவில் அடங்கும். குவளையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.